சீருடை அணிந்தவரின் ஓட்டு எந்தத் தொகுதியில்? ராணுவக் குடும்பங்கள் அறிய வேண்டிய வாக்காளர் பதிவு விவரங்கள்

பொதுத் தேர்தல் நாள். கிள்ளானில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்திற்குக் காலையிலேயே சென்று ஒரு பெண் வரிசையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறந்து வளர்ந்த ஊர் அது. திருமணத்திற்கு முன்பு அதே பள்ளியில் ஓட்டுப் போட்டிருக்கிறார். அவருடைய முறை வரும்போது அதிகாரி பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெயர் இல்லை என்கிறார். கணவர் ராணுவத்தில் இருக்கிறார், திருமணமான பின் அவரோடு சேர்த்து இவருடைய பெயரும் ராணுவ வாக்காளர் பிரிவுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. அவருக்கான வாக்களிப்பு நான்கு நாள்களுக்கு முன்பே ஒரு முகாமில் நடந்து முடிந்துவிட்டது. இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை.

யாரும் அவருடைய உரிமையைப் பறிக்கவில்லை. பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நம் சமூகத்தில் ராணுவத்தில் சேருவோர் எண்ணிக்கை குறைவு. அதனால் இந்த விவரம் தெரிந்தவர்களும் குறைவு. அண்டை வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத செய்தி இது. மலேசியக் கடற்படையின் தளபதியாக 1967இல் பொறுப்பேற்ற முதல் மலேசியர் கே. தனபாலசிங்கம் என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆனால் ஒரு கடற்படை வீரர் எப்படி ஓட்டுப் போடுகிறார் என்று கேட்டால் பதில் சொல்லப் பலருக்கும் தெரிவதில்லை.

எத்தனை பேர்?

2022 நவம்பர் 19 அன்று நடந்த 15ஆவது பொதுத் தேர்தலில் நாட்டின் மொத்த வாக்காளர்கள் 21,173,638 பேர். அதில் சாதாரண வாக்காளர்கள் 20,905,366 பேர். ராணுவத்தினரும் அவர்களுடைய துணைவர்களும் 146,737 பேர். காவல் துறையினரும் பொது நடவடிக்கைப் படையினரின் துணைவர்களும் 118,794 பேர். வெளிநாட்டில் இருக்கும் 'வராத வாக்காளர்' 2,741 பேர். ராணுவத்தினருக்கும் காவல் துறையினருக்கும் நவம்பர் 15ஆம் தேதியே வாக்களிப்பு நடந்தது.

'வராத வாக்காளர்' என்ற சொல் காதுக்கு விநோதமாக இருக்கும். மலாயில் 'பெங்குண்டி திடாக் ஹாடிர்' என்பார்கள். ஓட்டுப் போட வராதவர் என்பது இதன் பொருள் அல்ல. வேலை காரணமாகவோ படிப்பு காரணமாகவோ தன் வசிப்பிடத்தில் இருக்க முடியாதவர் என்று சட்டம் ஏற்றுக்கொண்ட வாக்காளர் என்பதே பொருள். கூட்டரசு அரசியலமைப்பின் 119ஆவது பிரிவு இவர்களைக் குறிப்பிடுகிறது. முப்படைகளில் முழுநேரச் சேவையில் இருப்போரும் அவர்களின் கணவர் அல்லது மனைவியும் இந்தப் பிரிவில் பதிந்துகொள்ளலாம். வெளிநாட்டில் பணிபுரியும் அரசு ஊழியர்களுக்கும், அங்கே முழுநேரமாகப் படிக்கும் மாணவர்களுக்கும், அவர்களுடைய துணைவர்களுக்கும் இது பொருந்தும்.

18 வயதில் தானாகவே பெயர் ஏறும், ஆனால்...

முன்பெல்லாம் 21 வயதானால்தான் ஓட்டு. பதிவையும் நாமே போய்ச் செய்ய வேண்டும். 18 வயதில் ராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி ஏந்திய இளைஞனுக்கு, யாரை நாடாளுமன்றத்திற்கு அனுப்புவது என்று சொல்ல மேலும் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2019 ஜூலை 16ஆம் தேதி மக்களவை 211 வாக்குகளோடு, எதிர்ப்பே இல்லாமல், வாக்களிக்கும் வயதை 18 ஆக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. அதன் பிறகும் நடைமுறை இழுத்தடித்தது. சரவாக் இளைஞர்கள் ஐவர் தொடுத்த வழக்கில், அந்த ஆண்டு முடிவதற்குள் இதை அமல்படுத்த வேண்டும் என்று கூச்சிங் உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பர் 3ஆம் தேதி உத்தரவிட்டது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதும் தானியங்கிப் பதிவும் ஒன்றாக நடப்புக்கு வந்தன.

தானியங்கிப் பதிவு என்றால், தேசியப் பதிவு இலாகாவில் உள்ள மைகார்டு முகவரியைக் கொண்டு ஒருவர் சாதாரண வாக்காளராகச் சேர்க்கப்படுகிறார். குழப்பம் தொடங்கும் இடமும் இதுதான். கிள்ளான், தாமான் செந்தோசாவில் இருக்கும் ஒரு பையனுக்கு 18 வயதாகிறது. அவன் பெயர் அந்த முகவரிக்கான தொகுதியில் தானாக ஏறிவிடும். 19 வயதில் ராணுவத்தில் சேர்ந்து போர்ட்டிக்சனுக்குப் பயிற்சிக்குப் போகிறான். சீருடை மாட்டிய மறுநாளே அவன் ராணுவ வாக்காளராகிவிடுவதில்லை. அதற்கென விண்ணப்பம் போய், எஸ்பிஆர் எனப்படும் தேர்தல் ஆணையம் அதை ஏற்று, பட்டியலில் வெளியாக வேண்டும். அதுவரை அவன் கிள்ளான் பள்ளியின் சாதாரண வாக்காளர்தான். அந்த இடைவெளியில் தேர்தல் வந்து, விடுப்பும் கிடைக்காவிட்டால், அஞ்சல் வாக்குக்கு விண்ணப்பித்திருந்தால்தான் அவனால் ஓட்டுப் போட முடியும். புதிதாகச் சேர்ந்தவர்களின் பெற்றோர் பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "தம்பி, உன் பேரு இப்ப எந்த லிஸ்ட்ல இருக்கு?" என்பதுதான்.

ஓட்டு எந்த ஊர்க் கணக்கில் சேரும்?

பலரும் கவனிக்காத, ஆனால் அதிகம் பாதிக்கக்கூடிய விஷயம் இது. ராணுவத்தினர் பலருடைய பெயர் அவர்கள் சேவையாற்றும் முகாம் அமைந்திருக்கும் தொகுதியில் பதிவாகியிருக்கிறது. அவர்களின் ஓட்டு சொந்த ஊர் வேட்பாளருக்குப் போகாது, பதிவாகியிருக்கும் தொகுதியின் வேட்பாளருக்குத்தான் போகும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1 அன்று சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது. அங்கே சட்டமன்றம் கிடையாது. எனவே கோலாலம்பூர் தொகுதி ஒன்றில் பெயர் பதிவான ஒரு கிள்ளான்காரருக்கு நாடாளுமன்ற ஓட்டு மட்டும்தான். 2023 ஆகஸ்ட் 12 அன்று சிலாங்கூர் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது, அவருடைய தாய் தந்தையும் உடன்பிறப்புகளும் கிள்ளானில் ஓட்டுப் போட்டிருப்பார்கள். அவர் பெயர் வார்டிபர்ன் அல்லது பத்து கண்டோன்மென் முகாம் முகவரியில் கோலாலம்பூர் பட்டியலில் இருந்திருந்தால், அந்தத் தேர்தலில் அவருக்கு ஓட்டே இல்லை. வீட்டுக்கும் முகாமுக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணம்தான், ஆனால் வாக்குரிமைக் கணக்கில் நடுவே மாநில எல்லை இருக்கிறது. குடும்பம் கிள்ளானிலேயே நிலையாக இருக்கப் போகிறது என்றால், பதிவு முகவரி குறித்து முகாமின் நிர்வாகப் பிரிவிலும் எஸ்பிஆர் அலுவலகத்திலும் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

முகாம் வாக்குகள் ஒரு தொகுதியில் எவ்வளவு கனமானவை என்பதற்குப் போர்ட்டிக்சன் நல்ல உதாரணம். 2018 மே 9 பொதுத் தேர்தலில் அங்கே வென்றவர் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற முன்னாள் அதிகாரி டன்யால் பாலகோபால் அப்துல்லா. அன்வார் இப்ராஹிம் நாடாளுமன்றம் திரும்புவதற்காக அவர் அந்தத் தொகுதியைக் காலி செய்தார். இடைத்தேர்தல் அக்டோபர் 13 என்று முடிவாகி, அக்டோபர் 8ஆம் தேதி முன்கூட்டிய வாக்களிப்பு நடந்தது. தொகுதியின் 75,770 வாக்காளர்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் ராணுவத்தினரும் துணைவர்களும். பத்தில் ஒருவர் என்று சொல்லிவிடலாம். அன்வார் 23,560 வாக்குப் பெரும்பான்மையில் வென்றதால் அந்த முறை முகாம் வாக்குகள் முடிவைத் தீர்மானிக்கவில்லை. எல்லாத் தேர்தலும் அப்படி அமைவதில்லை. படைவீரர் வாக்குகள் அதிகம் உள்ளதாக நெடுங்காலமாகப் பேசப்படும் கோலாலம்பூரின் செத்தியாவங்சா தொகுதியில் 2013இல் தேசிய முன்னணி வென்றது வெறும் 1,390 வாக்குகளில்தான்.

முகாம் இடம் மாறும்போதும், ஒரு படைப்பிரிவு வேறு தொகுதிக்குப் போகும்போதும் அரசியல் கட்சிகள் கூச்சல் போடுவது இதனால்தான். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் அந்தச் சண்டையில், இடம் மாறிய வீரரே தன் பெயர் எங்கே போனது என்று தெரியாமல் நிற்பதை யாரும் பேசுவதில்லை.

கணவருக்கும் மனைவிக்கும்

ராணுவத்தினரின் துணைவர் என்றால் மனைவி மட்டுமல்ல. பெண் அதிகாரியின் கணவருக்கும் இதே உரிமை உண்டு. இந்தியாவில் இது மிக அண்மைக் காலம் வரை அப்படி இல்லை. அங்கே 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் படைவீரரின் 'மனைவி' என்றே சொல்லி வந்தது. ராணுவ அதிகாரியான பெண்ணின் கணவர் அந்தப் பிரிவில் சேர முடியாமல் இருந்தார். 2021இல் சட்டத்தைத் திருத்தி அந்தச் சொல்லை 'துணைவர்' என்று மாற்றினார்கள். இன்னொரு வேறுபாடும் உண்டு. இந்தியாவில் சேவை வாக்காளராகப் பதிந்தவரின் ஓட்டு பொதுவாகச் சொந்த ஊர்த் தொகுதிக்கே போகும். மதுரைக்காரர் காஷ்மீரில் காவல் காத்தாலும் மதுரைக்குத்தான் ஓட்டு. ஊரில் உள்ள ஒருவரைத் தனக்குப் பதிலாக ஓட்டுப் போட நியமிக்கும் வசதியும் 2003 முதல் அவர்களுக்கு இருக்கிறது. மலேசியாவில் அந்த வசதி இல்லை. இங்கே உங்கள் ஓட்டை நீங்கள்தான் போட வேண்டும்.

துணைவராகப் பதிந்துகொண்டவர் நினைவில் வைக்க வேண்டியது, அவருடைய வாக்களிப்பு நாளும் மாறிவிடுகிறது என்பதை. 2013இல் ஏப்ரல் 30, 2022இல் நவம்பர் 15, 2023 சிலாங்கூர் தேர்தலில் ஆகஸ்ட் 8. இவை மூன்றும் செவ்வாய்க்கிழமைகள். கிள்ளானில் தொழிற்சாலையிலோ பிரிக்பீல்ட்ஸில் கடையிலோ வேலை செய்யும் மனைவிக்கு அது வேலை நாள். தேர்தலுக்கென அரசாங்கம் அறிவிக்கும் விடுமுறை பெரும்பாலும் பொது வாக்களிப்பு நாளை ஒட்டியே வருகிறது. எனவே தேதி அறிவித்தவுடனே முதலாளியிடம் சொல்லி வைப்பது புத்திசாலித்தனம்.

மணமுறிவு ஏற்பட்டாலோ துணைவர் இறந்துவிட்டாலோ, பதிவு தானாகப் பழைய ஊருக்குத் திரும்பிவிடும் என்று இருந்துவிடக் கூடாது. அந்த நேரத்தில் யாருக்கும் ஓட்டைப் பற்றிய நினைவு இருக்காது என்பது உண்மைதான். குடும்பத்தில் வேறு யாராவது இதைக் கவனித்துச் செய்து கொடுத்தால் உதவியாக இருக்கும்.

காவல் துறைக் குடும்பங்களுக்கு விதி வேறு. காவல் துறையினர் முன்கூட்டிய வாக்காளர்கள். துணைவர்களில் பொது நடவடிக்கைப் படையினரின் கணவர் அல்லது மனைவிக்கு மட்டுமே அந்த ஏற்பாடு. பிரிக்பீல்ட்ஸ் காவல் நிலையத்தில் வேலை செய்யும் ஒரு சார்ஜனின் மனைவி சாதாரண வாக்காளர். கணவர் செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போட்டுவிட்டு வருவார், மனைவி சனிக்கிழமை பள்ளிக்கூடத்திற்குப் போவார். ஒரே வீட்டில் இரண்டு வாக்களிப்பு நாள்கள்.

அஞ்சல் உறையிலிருந்து வாக்குப் பெட்டிக்கு

2012க்கு முன்பு ராணுவத்தினரும் காவல் துறையினரும் அஞ்சல் வழியாகத்தான் ஓட்டுப் போட்டார்கள். முகாமுக்குள் நடந்த அந்த வாக்களிப்பை வேட்பாளர்களின் முகவர்கள் பார்க்க முடியவில்லை, மேலதிகாரியின் கண் முன்னே ஓட்டுப் போட வேண்டியிருக்கிறது என்றெல்லாம் எதிர்க்கட்சிகள் பல தேர்தல்களாகக் குறை கூறி வந்தன. ஒரே ஆள் ராணுவ அடையாள எண்ணிலும் பொது அடையாள அட்டை எண்ணிலும் இருமுறை பதிவாகியிருப்பதாகவும் புகார் எழுந்தது. 2011 ஜூலை 9 அன்று கோலாலம்பூரை உலுக்கிய பெர்சே பேரணியின் எட்டுக் கோரிக்கைகளில் அஞ்சல் வாக்குச் சீர்திருத்தமும் ஒன்று. அதன் பின் அமைந்த நாடாளுமன்றத் தேர்வுக் குழு 2012 ஏப்ரலில் 22 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. அந்தக் காலக்கட்டத்தில்தான் விதிகள் திருத்தப்பட்டு, 'உண்டி அவால்' எனப்படும் முன்கூட்டிய வாக்களிப்பு வந்தது.

இதன்படி முகாமிலேயே முறையான வாக்களிப்பு மையம் அமைக்கப்படுகிறது. எஸ்பிஆர் அதிகாரிகள் நடத்துகிறார்கள். வேட்பாளர்களின் முகவர்கள் உள்ளே அமரலாம். மறைப்புக்குள் சென்று ஓட்டைக் குறியிட்டுப் பெட்டியில் போட வேண்டும். பெட்டி முத்திரையிடப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டு, பொது வாக்களிப்பு நாளன்றுதான் எண்ணப்படும்.

முதல்முறையாக 2013 ஏப்ரல் 30 அன்று இது நடந்தபோதே ஒரு சலசலப்பு. இரட்டை ஓட்டைத் தடுக்க விரலில் பூசிய அழியாத மை, கழுவினால் போய்விடுகிறது என்று முதலில் சொன்னவர்கள் அன்று வாக்களித்த சீருடைப் பணியாளர்கள்தான். புட்டியைச் சரியாகக் குலுக்காததே காரணம் என்று எஸ்பிஆர் விளக்கியது கேலிக்கு உள்ளானது. மை விவகாரம் எப்படியிருந்தாலும், பழைய அஞ்சல் உறை முறையைவிட இது எவ்வளவோ மேல் என்பதை மறுக்க முடியாது.

அஞ்சல் வாக்கு முற்றாக ஒழிந்துவிடவில்லை. முன்கூட்டிய வாக்களிப்பு நாளன்று கடமையில் வெளியே இருக்கும் படையினர் அதற்கு விண்ணப்பிக்கலாம். கப்பலில் இருப்பவர், எல்லைக் காவலில் இருப்பவர், 2007 முதல் மலேசியப் படை பணியாற்றிவரும் லெபனான் ஐ.நா. அமைதிப் பணியில் இருப்பவர் போன்றோருக்கு வேறு வழியில்லை. வந்து சேரும் உறைக்குள் வாக்குச்சீட்டு, 'ஏ' உறை, 'பி' உறை, அடையாள உறுதிப் படிவம் ஆகியவை இருக்கும். சீட்டைக் குறியிட்டு 'ஏ' உறையில் போட்டு ஒட்ட வேண்டும். உறுதிப் படிவத்தில் வாக்காளரும் சாட்சியும் கையெழுத்திட வேண்டும். அந்தப் படிவத்தையும் 'ஏ' உறையையும் சேர்த்து 'பி' உறையில் வைக்க வேண்டும். படிவத்தை 'ஏ' உறைக்குள் போட்டுவிடுவது, சாட்சிக் கையெழுத்தை மறப்பது போன்ற சின்னத் தவறுகளால் ஓட்டு எண்ணிக்கைக்கே போகாது.

உறை உரிய நேரத்திற்குள் தேர்தல் அதிகாரியின் கைக்குச் சேரவும் வேண்டும். 2018இல் வேட்புமனுத் தாக்கல் ஏப்ரல் 28, வாக்களிப்பு மே 9. நடுவில் 11 நாள்கள்தான். வெளிநாட்டிலிருந்த மலேசியர் பலருக்குச் சீட்டு மிகத் தாமதமாக வந்தது. விமான நிலையங்களில் முன்பின் தெரியாத பயணிகளிடம் உறைகளைக் கொடுத்தனுப்பிய காட்சிகளை அப்போது பார்த்தோம். விண்ணப்பத்தைக் கடைசி நாள் வரை தள்ளிப் போடக் கூடாது என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் தேவையில்லை.

ஓய்வு பெற்றவுடன்

சேவையை முடித்து வருபவருக்குச் செய்ய வேண்டிய வேலைகள் ஏராளம். ஓய்வூதியம், வீடு மாறுதல், பிள்ளைகளின் பள்ளி, அடுத்த வேலை. இவற்றுக்கிடையே இரண்டு வேலைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ராணுவத்தினர் வைத்திருக்கும் மைதெந்தெரா அட்டைக்குப் பதிலாகத் தேசியப் பதிவு இலாகாவில் மைகார்டு எடுப்பது ஒன்று. எஸ்பிஆரிடம் விண்ணப்பித்து, ராணுவ வாக்காளர் என்ற நிலையைச் சாதாரண வாக்காளராக மாற்றுவது இன்னொன்று. முதலாவதைச் செய்தால் இரண்டாவதும் தானாக நடந்துவிடும் என்று நம்பிப் பலர் விட்டுவிடுகிறார்கள். துணைவரின் பெயருக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

மாற்றாவிட்டால், ஓய்வு பெற்று ஐந்தாண்டு ஆன பின்னும் ஒருவருடைய பெயர் எப்போதோ சேவை செய்த முகாமின் தொகுதியிலேயே கிடக்கும். கிள்ளானில் குடியிருந்துகொண்டு, கிள்ளானின் வெள்ளத்தையும் சாலை நெரிசலையும் அனுபவித்துக்கொண்டு, எங்கோ ஒரு தொகுதிக்குப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் நிலை அது.

சரிபார்ப்பது எப்படி?

எஸ்பிஆரின் 'மைஎஸ்பிஆர் செமாக்' இணையப் பக்கத்திலோ செயலியிலோ அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் தொகுதி, வாக்களிப்பு மையம், வாக்காளர் வகை ஆகிய விவரங்கள் வரும். தொகுதியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது. வகையையும் பார்க்க வேண்டும். தேர்தல் அறிவித்த பிறகு வாக்களிப்பு நாளும் நேரமும் அதே இடத்தில் தெரியும். முகவரி மாற்றத்திற்கும் அஞ்சல் வாக்கு விண்ணப்பத்திற்கும் 'மைஎஸ்பிஆர் டாஃப்தார்' தளம் இருக்கிறது. முகவரி மாற்ற வேண்டுமானால் அடையாள அட்டையில் முதலில் மாற்றிவிட்டு, பிறகு எஸ்பிஆரிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் சேவையில் இருப்பவரின் ராணுவ வாக்காளர் பதிவுக்கு அவருடைய படைப்பிரிவின் நிர்வாக அலுவலகத்தைத்தான் முதலில் அணுக வேண்டும்.

துணை வாக்காளர் பட்டியல் இப்போது மாதந்தோறும் தயாராகிப் பொதுப் பார்வைக்கு வைக்கப்படுகிறது. தவறு இருந்தால் கேட்பதற்கு உரிய நேரம் அதுதான். பட்டியல் அரசிதழில் வெளியான பிறகு அதை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று 1958ஆம் ஆண்டு தேர்தல் சட்டத்தின் 9ஏ பிரிவு சொல்கிறது. 2002இல் சேர்க்கப்பட்ட பிரிவு இது. வழக்கறிஞர்கள் பலர் இதைக் கண்டித்து வந்திருக்கிறார்கள், ஆனால் நடைமுறையில் இருக்கும் விதி அதுதான். நாடாளுமன்றம் கலைந்து தேதி அறிவித்த பிறகு, பெயர் வேறு தொகுதியில் இருக்கிறதே என்று எஸ்பிஆர் முகப்பில் போய் நின்றால் அந்தத் தேர்தலுக்கு எதுவும் செய்ய இயலாது. அடுத்த தேர்தலுக்கான மாற்ற விண்ணப்பத்தை மட்டுமே கொடுத்துவிட்டு வரலாம்.

இடமாற்றம், திருமணம், மணமுறிவு, துணைவரின் மறைவு, ஓய்வு ஆகிய ஐந்து சமயங்களில் செமாக் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். வாக்களிக்கப் போகும்போது மைகார்டு அல்லது மைதெந்தெரா அசல் அட்டையைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். கைப்பேசியில் உள்ள படத்தை நம்பிப் போக வேண்டாம்.